எண் கைமாறினால் எதெல்லாம் திறக்கும்? எஸ்எம்எஸ் ஓடிபிக்கு மாற்று தேடுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

2020 ஜனவரியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிம் ஸ்வாப், அதாவது ஒருவரின் எண்ணை இன்னொருவன் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் மோசடி, எவ்வளவு சுலபம் என்று பார்த்த ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஐந்து மொபைல் சேவைகளில் தலா பத்து ப்ரீபெய்டு இணைப்புகளை எடுத்துக்கொண்டு கஸ்டமர் கேரை அழைத்தார்கள். "என் எண்ணைப் புது சிம்முக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். 50 முயற்சிகளில் 39 முறை எண் கைமாறியது. ஏடி அண்ட் டி, டி-மொபைல், வெரைசன் மூன்றிலும் பத்துக்குப் பத்து.

எண்ணிக்கையைவிட அது நடந்த விதம்தான் கவனிக்க வேண்டியது. அழைப்பவர் பின் எண்ணை வேண்டுமென்றே தவறாகச் சொல்வார். பிறந்த தேதியும் பொருந்தாது. இணைப்பு வாங்கும்போது கவனமில்லாமல் எதையோ கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்பார். மறுமுனையில் இருப்பவர் அத்துடன் அழைப்பை முடித்துக்கொள்ளாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்: கடைசியாக எவ்வளவு ரீசார்ஜ் செய்தீர்கள்? அண்மையில் எந்த எண்களை அழைத்தீர்கள்?

இந்த இரண்டுக்குமான விடையை ஒரு வெளியாள் தானே தயாரித்துக்கொள்ளலாம். ரீசார்ஜ் கார்டை வாங்கி யாருடைய எண்ணுக்கு வேண்டுமானாலும் போடலாம். காசு போடுபவரிடம் யாரும் அடையாளம் கேட்பதில்லை. பிறகு கஸ்டமர் கேரை அழைத்து, தான் போட்ட தொகையையே "கடைசி ரீசார்ஜ்" என்று சொன்னால் ஆயிற்று. அழைப்புப் பட்டியலுக்கு ஒரு மிஸ்டு கால் போதும். யாரென்று பார்க்க எண்ணுக்கு உரியவரே திருப்பி அழைப்பார். மிஸ்டு கால் கொடுத்த எண் பட்டியலில் ஏறிவிடும்.

சிம் ஸ்வாப் என்பது இவ்வளவுதான். எண் புது சிம்முக்குப் போனதும் பழைய சிம்மில் சிக்னல் போய்விடும், ஓடிபி எல்லாம் அந்தப் பக்கம் விழ ஆரம்பிக்கும். போர்ட் அவுட் என்பது இதன் இன்னொரு வடிவம். அதில் எண்ணை வேறு நிறுவனத்துக்கே கொண்டுபோய்விடுவார்கள். இரண்டிலும் நம் போனை யாரும் தொடுவதில்லை. உடைபடுவது மொபைல் நிறுவனத்தில் உள்ள நம் கணக்கு. அதைக் காப்பது ஒரு பிறந்த தேதி, ஒரு பின், கவுன்டரிலோ கால் சென்டரிலோ உட்கார்ந்திருக்கும் ஊழியரின் எச்சரிக்கை. சிம்மைத் தொலைத்துவிட்டுப் பதறி வருபவருக்குச் சட்டென்று உதவுவதுதான் அந்த ஊழியரின் வேலை. அவர் அதைச் செவ்வனே செய்வதுதான் மோசடிக்காரனுக்கு வேண்டியது.

தப்பிக்க என்ன வழி என்று தேடினால் ஐந்து யோசனைகள் திரும்பத் திரும்ப வரும்: மொபைல் நிறுவனத்திடமே பூட்டுப் போடச் சொல்வது, இசிம்முக்கு (தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) மாறுவது, யாருக்கும் தெரியாத தனி எண் வைத்துக்கொள்வது, குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலி, கடைசியாக பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கருவியில் இருக்கும் டிஜிட்டல் சாவி) அல்லது அதே வேலையைச் செய்யும் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி. முதல் மூன்றும் எண்ணைக் காக்கப் பார்க்கின்றன. மற்ற இரண்டும், எண் போனாலும் கணக்கு போகாதபடி பார்த்துக்கொள்கின்றன. என் சாய்வு இந்த இரண்டாவது வகைப் பக்கம். ஆனால் முதல் வகையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

நிறுவனத்திடம் போடும் பூட்டு

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். போன் செட்டிங்ஸில் "சிம் லாக்" என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் போனை அணைத்துப் போடும்போதெல்லாம் ஒரு பின் கேட்கும். உங்கள் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பார்ப்பவனை அது தடுக்கும். போட்டுவைப்பது நல்லது. ஆனால் சிம் ஸ்வாப்பில் உங்கள் சிம்மை யாரும் கழற்றுவதே இல்லை என்பதால் இதற்கு அங்கே வேலையில்லை. நாம் பேசுவது நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கின் மேல் இருக்கும் பூட்டைப் பற்றி.

அதில் பழைய வகை, கணக்கு பின். கஸ்டமர் கேர் கேட்கும்போது சொல்ல வேண்டிய ஒரு ரகசிய எண். இதன் பலவீனத்துக்கு மைக்கேல் டெர்பின் என்ற கிரிப்டோ முதலீட்டாளர் ஏடி அண்ட் டி மீது தொடுத்த வழக்கைப் பார்க்கலாம். 2017-இல் அவர் எண் ஒருமுறை கடத்தப்பட்டது. அதற்குப் பிறகு கூடுதல் பாதுகாப்பு என்று ஆறு இலக்க எண் ஒன்றை அவர் கணக்கில் போட்டார்கள். 2018 ஜனவரியில் எண் மறுபடியும் போனது. கடை ஊழியர் ஒருவரே அந்த ஆறு இலக்கத்தைத் தாண்டி சிம்மை மாற்றிக் கொடுத்தார் என்பது அவர் தரப்பு. போன கிரிப்டோவின் மதிப்பு சுமார் 2.4 கோடி டாலர். பின் கேட்கும் திரையைத் தாண்டிப் போகும் அதிகாரம் ஊழியருக்கு இருந்தால், நாம் பின்னை நான்கு இலக்கமாக வைத்தாலும் பதினாறு இலக்கமாக வைத்தாலும் ஒன்றுதான்.

புது வகைப் பூட்டு இதைவிட மேல். வெரைசனின் நம்பர் லாக், டி-மொபைலின் சிம் ப்ரொடெக்‌ஷன், 2025-இல் ஏடி அண்ட் டி கொண்டுவந்த வயர்லெஸ் அக்கவுன்ட் லாக் எல்லாம் இந்த ரகம். வாடிக்கையாளர் தன் செயலியில் ஒரு பொத்தானை அழுத்திப் பூட்டுகிறார். அவரே திறக்கும்வரை சிம் மாற்றமோ போர்ட்டோ நடக்கக் கூடாது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2023 நவம்பரில் ஏற்ற விதிகளும் இதே திசையில்தான் போகின்றன: இப்படிப் பூட்டும் வசதியை இலவசமாகத் தர வேண்டும், சிம் மாற்றக் கோரிக்கை வந்தால் வாடிக்கையாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் இது எந்தப் பெயரில் இருந்தாலும், இருந்தால் இன்றே போட்டுவிடுங்கள். செலவு இல்லை, ஐந்து நிமிட வேலை.

அதற்காக இதை மட்டும் நம்பிப் படுத்துத் தூங்க முடியாது. பொத்தான் இருக்கும் செயலிக்குள் எப்படி நுழைகிறோம்? பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றால் எங்கே போகிறது ரீசெட் லிங்க்? மின்னஞ்சலுக்கு. மின்னஞ்சல் ஒருவன் கையில் போய்விட்டால் பூட்டைத் திறப்பவனும் அவனே. இன்னொன்றும் உண்டு. 2017-இல் ஜெர்மனியில் ஓ2 டெலிஃபோனிகா வாடிக்கையாளர்கள் சிலரின் வங்கிக் கணக்குகளில் பணம் போனது. சிம் எதுவும் மாறவில்லை. மொபைல் நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் எஸ்எஸ்7 என்ற பழைய ஏற்பாட்டின் வழியாகவே ஓடிபி குறுஞ்செய்திகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள். வாடிக்கையாளர் கணக்கில் போடும் எந்தப் பூட்டும் அந்தப் பாதையில் குறுக்கே நிற்காது.

இசிம், தனி எண்

இசிம்மைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனைத் திருடியவன் சிம்மை உருவி எடுக்க முடியாது, அந்த மட்டில் நன்மை. எண் கடத்தலுக்கு அது தடையே இல்லை. பார்க்கப்போனால், உங்கள் மொபைல் கணக்குக்குள் ஆன்லைனில் நுழைந்தவனுக்கு வேலை சுலபமாகிறது: கடைக்குப் போக வேண்டாம், போலி அடையாள அட்டை வேண்டாம், ஒரு க்யூஆர் குறியீடு போதும்.

தனி எண் யோசனை கேட்க நன்றாக இருக்கும். ஓடிபிக்கு மட்டும் ஓர் எண், யாரிடமும் சொல்லாத எண். ஆனால் வங்கிக்கும், ஷாப்பிங் தளத்துக்கும், இன்னும் நாலு செயலிகளுக்கும் கொடுத்த பிறகு அது எப்படி ரகசியம் ஆகும்? அவற்றில் ஒன்றிலிருந்து தரவு கசிந்தால் உங்கள் பெயரோடு சேர்த்தே வெளியே வரும். அதைவிடப் பெரிய தொல்லை, அதிகம் பயன்படுத்தாத எண்ணை ரீசார்ஜ் செய்ய மறந்துவிடுவது. கைவிடப்பட்ட எண்ணை நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அதே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து 2021-இல் வந்த இன்னொரு ஆய்வில், புது வாடிக்கையாளர்களுக்குத் தரப்படவிருந்த 259 எண்களை எடுத்துப் பார்த்தார்கள். 171 எண்கள் பிரபல தளங்களில் பழைய உரிமையாளரின் கணக்கோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. இங்கே கடத்துபவன்கூடத் தேவையில்லை; எண் சட்டப்படியே இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது.

கூகுள் வாய்ஸ் போல இணையக் கணக்கோடு கட்டப்பட்ட எண்கள் சற்று வேறு. ஏமாற்றுவதற்குக் கவுன்டர் ஊழியர் யாரும் அங்கே கிடையாது, அந்தக் கணக்கு எவ்வளவு பத்திரமோ எண்ணும் அவ்வளவு பத்திரம். ஆனால் இத்தகைய எண்களைப் பல வங்கிகள் ஏற்பதில்லை, சேவை எல்லா நாட்டிலும் கிடைப்பதும் இல்லை.

ஆத்தென்டிகேட்டர் செயலி

இங்கிருந்து மொபைல் நிறுவனம் காட்சியிலேயே இல்லை. தளம் காட்டும் க்யூஆர் குறியீட்டில் ஒரு ரகசியச் சரம் இருக்கிறது. ஸ்கேன் செய்ததும் அது செயலிக்குள் வந்துவிடுகிறது. அந்தச் சரத்தையும் கடிகார நேரத்தையும் சேர்த்து 30 விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கம் பிறக்கிறது. இந்த முறை 2011-இலேயே பொதுத் தரமாகிவிட்டது. சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். எண்ணை யார் கடத்திப் போனாலும் இந்த ஆறு இலக்கம் அவனுக்குப் போகாது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. போலித் தளத்தில் நாமே அந்த ஆறு இலக்கத்தைத் தட்டிக் கொடுத்துவிடலாம். எஸ்எம்எஸ் ஓடிபிக்கு உள்ள அதே குறை. அடுத்தது பேக்கப். போன் தொலைந்தால் எல்லாக் கணக்கும் போய்விடுமே என்ற பயத்துக்காக கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரலில் கிளவுட் சேமிப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரீடூல் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரைப் போலிக் குறுஞ்செய்தியாலும் தொலைபேசிப் பேச்சாலும் ஏமாற்றி அவர் கூகுள் கணக்கில் நுழைந்தார்கள். கிளவுடில் சேமித்திருந்த குறியீடுகள் அனைத்தும் அத்தோடு கிடைத்துவிட்டன. 27 வாடிக்கையாளர்களின் கணக்குகள் பாதிக்கப்பட்டன. ஆத்தி என்ற இன்னொரு ஆத்தென்டிகேட்டர் செயலியில் வேறு விதமான வலி: அதன் கணக்கே தொலைபேசி எண்ணை வைத்துத்தான் நிற்கிறது, புது போனைச் சேர்க்க எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியைக் கேட்கும். எஸ்எம்எஸ்ஸிலிருந்து தப்பி ஓடி மறுபடி எஸ்எம்எஸ்ஸிடமே வந்து நிற்பதுபோல. ஆத்தி வைத்திருப்பவர்கள் பல கருவிகளை அனுமதிக்கும் வசதியை அணைத்து வையுங்கள்.

எனக்குப் பிடித்தது பழைய பாணி: தளம் தரும் பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வைப்பது. கணினிப் பாதுகாப்பு தெரிந்தவர்கள் தாளைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், தொலைவிலிருந்து தாளைத் திருட முடியாது.

பாஸ்கீயும் பாதுகாப்புச் சாவியும்

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். தளத்துக்கு ரகசியம் எதுவும் போவதில்லை. உங்கள் கருவி தன்னிடமுள்ள சாவியால் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது, அதுவும் பதிவு செய்த அதே இணைய முகவரிக்கு மட்டும். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தால் நம் கண் ஏமாறும், பிரவுசர் ஏமாறாது.

2022 கோடையில் ட்விலியோ, கிளவுட்ஃப்ளேர் இரண்டு நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் ஒரே மாதிரியான போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. ட்விலியோவில் நுழைந்துவிட்டார்கள். கிளவுட்ஃப்ளேரில் மூன்று ஊழியர்கள் போலித் தளத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்தே விட்டார்கள். ஆனால் அங்கே எல்லோரிடமும் பாதுகாப்புச் சாவி இருந்தது. போலித் தளத்துக்கு அந்தச் சாவி கையெழுத்துப் போடாது என்பதால் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. மனிதர்கள் இரண்டு இடத்திலும் ஒரே அளவு ஏமாறக்கூடியவர்கள்தான். மாறியது கருவி மட்டும்.

பாஸ்கீக்கு காசு கிடையாது, கைரேகையோ முகமோ காட்டினால் போதும், போன் மாறினாலும் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு வழியாகப் புதியதற்கு வந்துவிடும். அப்படியென்றால் அந்தக் கணக்கை மீட்கும் வழி என்ன என்று கேட்க வேண்டும். ஆப்பிள் கணக்கில் பாஸ்கீகளைச் சேமிக்கும் ஐகிளவுட் கீசெயினில் கருவிகள் அனைத்தும் தொலைந்தால் மீட்பதற்குக் கணக்கு பாஸ்வேர்டும், பதிவு செய்த தொலைபேசி எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியும், போனைத் திறக்கும் பாஸ்கோடும் வேண்டும். பத்து முறை பாஸ்கோடு தவறினால் ஆப்பிளிடம் உள்ள சேமிப்புப் பிரதி அழிந்துவிடும். ஆக, எண்ணைக் கடத்தியவனுக்கு மூன்றில் ஒன்றுதான் கிடைக்கிறது. அந்தப் பாஸ்கோடு 1234 ஆக இல்லாதவரை இது தாங்கும்.

யுஎஸ்பி சாவியில் இந்தக் கவலையும் இல்லை. சாவி சிப்பை விட்டு வெளியே வருவதே கிடையாது. ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும், அதுவும் இரண்டாக. ஒன்று தொலைந்தால் மற்றொன்று இல்லாமல் நீங்களே வெளியே நிற்க வேண்டியதுதான். பெரிய தொகை கிரிப்டோவில் வைத்திருப்பவர், நிறுவனத்தின் அட்மின் கணக்கைக் கையாள்பவர், பத்திரிகையாளர், இப்படி ஒருவன் குறிவைத்துத் தேடி வரக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கு அந்தச் செலவு நியாயம். மற்றவர்களுக்கு பாஸ்கீ போதும் என்பது என் கருத்து.

பின்கதவு

மேலே சொன்ன ஒப்பீட்டையெல்லாம் ஒரே வரியில் வீணாக்கிவிடும் விஷயம் ஒன்று உண்டு. லாகின் திரையின் அடியில் சின்ன எழுத்தில் "வேறு வழியில் முயற்சிக்க" என்று இருக்கும். அதைத் தட்டினால் எஸ்எம்எஸ் வருகிறது என்றால், முன்வாசலில் பாஸ்கீ இருந்தென்ன, யுஎஸ்பி சாவி இருந்தென்ன.

2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான எஸ்இசியின் எக்ஸ் கணக்கிலிருந்து, பிட்காயின் ஈடிஎஃப்களுக்கு (பங்குபோல வாங்கி விற்கும் பிட்காயின் நிதிகள்) அனுமதி தந்துவிட்டதாக ஒரு பொய்ப் பதிவு வந்தது. பிட்காயின் விலை ஆயிரம் டாலருக்கு மேல் ஏறி, உண்மை தெரிந்ததும் இரண்டாயிரத்துக்கு மேல் விழுந்தது. நடந்தது எளிமையான ஒன்று. போலி அடையாள அட்டையைக் காட்டி அந்தக் கணக்கோடு இணைந்த எண்ணை ஒரு கடையில் மாற்றி வாங்கினார்கள், அந்த எண்ணைக் கொண்டு பாஸ்வேர்டை ரீசெட் செய்தார்கள். லாகினில் சிரமம் என்று எஸ்இசி ஊழியர்கள் 2023 ஜூலையிலேயே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். திரும்பப் போடவே இல்லை. 2021-இல் காயின்பேஸ் என்ற கிரிப்டோ சந்தையில் குறைந்தது 6,000 பேர் பணத்தை இழந்ததும் எஸ்எம்எஸ் வழியாகக் கணக்கை மீட்கும் ஏற்பாட்டில் இருந்த ஓட்டையால்தான். முதலில் சொன்ன பிரின்ஸ்டன் ஆய்விலும் இது வந்தது: அவர்கள் பார்த்த 140-க்கும் மேற்பட்ட தளங்களில் 17 தளங்களில், பாஸ்வேர்டே தெரியாமல் எண் மட்டும் கையில் இருந்தாலே அப்போது கணக்கைப் பிடித்துவிட முடிந்தது.

ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும், தேர்ந்தெடுத்த பிறகு அந்தக் கணக்கின் செட்டிங்ஸில் போய் மீட்பு எண்ணை எடுத்துவிடுங்கள். எடுக்க விடாத தளங்கள் உண்டு. அங்கே எத்தனை நல்ல பூட்டு போட்டாலும் உங்கள் பாதுகாப்பு எஸ்எம்எஸ் அளவுக்குத்தான் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் யாருக்காவது செய்துகொடுப்பதாக இருந்தால் முதன்மை மின்னஞ்சலிலிருந்து தொடங்குவேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் ரீசெட் லிங்க்கும் அங்கேதான் வருகிறது. அதற்கு பாஸ்கீ, தாளில் பேக்கப் குறியீடு, மீட்பு எண் நீக்கம். பிறகு மொபைல் நிறுவனத்தின் பூட்டு. சமூக ஊடகம், ஷாப்பிங் போன்றவற்றில் பாஸ்கீ இருந்தால் பாஸ்கீ, இல்லாவிட்டால் ஆத்தென்டிகேட்டர். மெசேஜிங் செயலிகளில் எண்தான் அடையாளம், அதை மாற்ற வழியில்லை. அதனால் வாட்ஸ்அப்பில் இரு கட்டச் சரிபார்ப்பு பின், சிக்னல் செயலியில் ரெஜிஸ்ட்ரேஷன் லாக், டெலிகிராமில் கூடுதல் பாஸ்வேர்டு. வாட்ஸ்அப்பில் அந்தப் பின் தெரியாதவன் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். எண்ணை மீட்க அந்த ஏழு நாள் உங்களுக்குக் கிடைக்கிறது.

மிஞ்சுவது எஸ்எம்எஸ் ஓடிபியைத் தவிர வேறெதையும் தராத வங்கி. அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே தொலைபேசி வழியாக வரும் குறியீட்டைக் கட்டுப்பாட்டுக்குரிய முறை என்று வகைப்படுத்திவிட்டது. அனுப்புவதற்கு முன் அண்மையில் சிம் மாறியதா, எண் போர்ட் ஆனதா என்று பார்க்கவும் சொல்கிறது. உங்கள் வங்கியின் செயலிக்குள்ளேயே ஒப்புதல் தரும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு மாறிவிடலாம். இல்லையென்றால் அந்த ஒரு கணக்குக்கு மொபைல் நிறுவனப் பூட்டுதான் உங்கள் அரண். பரிவர்த்தனை அறிவிப்புகளை மின்னஞ்சலுக்கும் வரச் செய்யுங்கள், பரிமாற்ற வரம்பைக் குறைத்து வையுங்கள். காரணமில்லாமல் போனில் சிக்னல் போனால் வேறொரு போனிலிருந்து முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், அடுத்ததாக மொபைல் நிறுவனத்தை அழையுங்கள். இந்த இரண்டு அவசர எண்களையும் அந்தப் போனுக்கு வெளியே எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும்.